கண்டதும் கருதியதும்

1871 டிசெம்பர் 12 ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடபாகத்தில் விழுந்தது. அதனை ஆராய வந்த ஆங்கிலக் குழுவினருள் ஹென்றி மோஸ்லி என்னும் உயிரியலறிஞர் நிறமாலைகாட்டியுடன் திருகோணமலையில் நின்றார். கடற்படைத் தளமாகவே பேசப்படும் அத்துறைமுகப் பகுதிக்கு வானியலிலும் ஒரு சிறு பங்குண்டு.

கிரகணத்தின்போது சூரியனைச் சூழ்ந்து தோன்றும் ஒளிமுடியின் நிறமாலையில் 1869 இல் ஒரு பச்சைக்கோடு காணப்பட்டது. அறிந்த மூலகங்களோடு அது பொருந்தாமையால் ‘கொரோனியம்’ என்றொரு மூலகம் கற்பிக்கப்பட்டது. வான்முகில்களில் 1864 இல் கண்ட கோட்டுக்கு இவ்வாறே ‘நெபுலியம்’ என்று பெயராயிற்று. 1913 இல் மூலகங்களை எக்ஸ் கதிர்க் கோடுகளால் எண்ணிட்டு வரிசைப்படுத்தியவர் மேற்குறித்த மோஸ்லியின் மகனே. அவ்வரிசையில் இவ்விரண்டுக்கும் இடமிருக்கவில்லை. நெபுலியம் இரு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனே என 1927 இலும், கொரோனியம் பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பே என 1940 ஐ ஒட்டியும் தெளிவாயிற்று. காட்சி பிழைக்கவில்லை, கருதல் பிழைத்தது.

புகையால் நெருப்பை உணர்வதைக் கருதல் என்பர் அளவை நூலார். அடுக்களையில் இரண்டையும் சேர்த்துக் கண்டவனுக்கே அது கைகூடும். எவரும் சேர்த்துக் காணாத இடத்தில் கருதல் எதன்மேல் நிற்கும்?

தொல்லண்டத்து விண்மீன் மண்டலங்களை ஆராய்வோர் எதிர்கொள்வது இவ்வினாவையே. சூடுமிக்க பெருமீன்கள் சூழ்ந்துள்ள வாயுவை அயனாக்க, ஐதரசனும் ஒட்சிசனும் தத்தம் கோடுகளைக் காலுகின்றன. பெருமீன்கள் சில மில்லியன் ஆண்டுகளே வாழ்வன. ஆதலின் வலிய கோடு அண்மைப் பிறப்பின் அடையாளம். ‘நெபுலியம்’ எனப்பட்ட அதே அயனின் வேறொரு கோடு, பெருவெடிப்புக்குப்பின் ஏறத்தாழ 30 கோடி ஆண்டில் ஒளிர்ந்த ஒரு மண்டலத்தில் இருப்பதைச் சிலி நாட்டு அல்மா தொலைநோக்கித் தொகுதி கண்டதாக 2025 இல் அறிவிக்கப்பட்டது. ஒட்சிசன் விண்மீன்களுக்குள்ளே சமைவது. எனவே அதற்கு முன்பே ஒரு தலைமுறை பிறந்து மடிந்திருத்தல் வேண்டும். இக்கருதல் உறுதியானது.

பிறந்தவற்றின் தொகையைச் சொல்லப் புகும்போதே நிலை தளர்கின்றது. சூரியனை ஒத்த சிறுமீன்கள் இக்கோடுகளை எழுப்பா. ஆகவே பெருமீன்களை அளந்து, பெரியவற்றுக்கும் சிறியவற்றுக்கும் இன்றுள்ள விகிதமே அன்றும் இருந்ததெனக் கொண்டு முழுத்தொகை பெறப்படுகின்றது. குரலெழுப்பியோரை வைத்து எழுப்பாதோரை எண்ணுவது முறையா? எண்ணாதுவிடின் அவர் இல்லாதவரே ஆவர், எண்ணலாம். ஆயின் கண்டது எது, கொண்டது எது என்று பிரித்துரையாத எண், கணக்கிற் சரியாயினும் சாட்சியிற் குறையுடையது. அக்காலத்துப் பெருமீன்களே மிகுந்து பிறந்திருக்கலாம் என்போர் கூற்று மெய்யாயின் தொகை பெரிதும் குறையும்.

சூரியனினும் சிறிய மீன்கள் ஆயிரங்கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்வன. தொல்காலத்து எச்சங்களாகிய அத்தகைய சில நம் பால்வீதியின் புறப்பகுதியில் இன்றும் ஒளிர்கின்றன. உலோகம் அருகிய அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எண்ணும் பணி நடைபெற்று வருகின்றது.