பட்டா இல்லாதவர் பாத்தியதை

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கான் பிறந்ததே ஒரு திட்டத்தால்தான். அதுவும், குடியேறப் போகிறவர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் போட்ட திட்டம். மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனக் குடியானவர்கள், நாடெங்கும் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1952-இல் அப்படி உருவான செர்டாங் புதுக்கிராமமே இன்றைய ஸ்ரீ கெம்பாங்கானின் கரு. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் காவல் கோபுரமுமாகத் தொடங்கிய இடம், மூன்று தலைமுறைக்குள் பட்டறைகளும் கடைவரிசைகளும் பள்ளிகளும் நிறைந்த ஊராகிவிட்டது. அங்கே பிறந்தவர்கள் அதைத் தங்கள் ஊர் என்று பெருமையோடு சொல்கிறார்கள்.

ஊர் நன்றாக வந்துவிட்டதால் அன்று நடந்தது சரியாகிவிடுமா? ஆகாது. பலன் நல்லதாக அமைந்தது, வேரோடு பிடுங்கி நடப்பட்ட மக்களின் உழைப்பால். பிடுங்கியவர்களின் தொலைநோக்கால் அல்ல. நில வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். பளபளக்கும் நகரம் ஒன்று எழுந்துவிட்டால், அதற்கு வழிவிட்டவர்களின் கணக்கும் தானாகவே நேராகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

அதே அவசரகாலம் தோட்டப்புறத் தமிழர்களையும் தொட்டது. அவர்கள் புதுக்கிராமங்களுக்குப் போகவில்லை. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை செய்த லட்சக்கணக்கானவர்களை வேலையிடத்திலேயே ஒன்றாகத் திரட்டி, லயங்களைச் சுற்றி வேலி போட்டார்கள். அன்றைக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வேலிதான். ஆனால் புதுக்கிராமத்துக் குடும்பத்துக்கு ஒரு மனை கிடைத்தது. தற்காலிக அனுமதியாகத் தொடங்கிய அது பல இடங்களில் காலப்போக்கில் குத்தகைப் பட்டாவாக மாறியது. லயத்துக் குடும்பத்துக்குக் கிடைத்ததோ முதலாளியின் வீடு. வேலை இருக்கும்வரை அந்த வீடு. வேலை போனால் அதுவும் போகும். இந்த வேறுபாட்டை 1952-இல் யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து ரப்பர் மரங்களும் செம்பனையும் நின்ற நிலத்தின்மேல் புதிய வரைபடங்கள் விரிந்தபோது அது தலைவிதியானது.

செர்டாங்கிற்குத் தெற்கே, இன்று புத்ராஜெயா இருக்கும் இடம் முன்பு பெராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கியது. அங்கே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய பிபி 86 போன்ற ரப்பர் வகைகள் இலங்கையிலும் இந்தியாவிலும்கூட நடப்பட்டன. இருட்டோடு எழுந்து அந்த மரங்களில் பால் வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழர்களின் கைகள். 1990-களில் கூட்டரசு நிர்வாகத் தலைநகர் அங்கே எழும்பியபோது, அந்தத் தோட்டத்திலும் அண்டைத் தோட்டங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் டிங்கில் வட்டாரத்தில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடங்களில் விரிசல்கள் தோன்றின. தரைவீடு கேட்டு அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக மனு எழுதின. ஏரியும் பூங்காவும் அகன்ற சாலைகளுமாக நாட்டிலேயே மிகக் கவனமாகத் திட்டமிடப்பட்ட நகரம் அது. அங்கிருந்து சிறிது தொலைவில், அந்த நகரத்துக்காக இடம் பெயர்ந்தவர்கள் விரிசல் விட்ட சுவருக்குள் இருந்தார்கள்.

அதைத் திட்டமிடத் தெரியாததால் வந்த பிழை என்று சொல்ல முடியாது. யாரைக் கணக்கில் எடுப்பது என்ற கேள்விக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்ட பதில் அது.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-இல் வந்தது. மாநிலத்துக்கு அமைப்புத் திட்டம், அதன் கீழ் உள்ளூராட்சிக்கு உள்ளூர்த் திட்டம். உள்ளூர்த் திட்டத்தின் வரைவைக் குறைந்தது நான்கு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளூர்த் திட்டம் இன்னும் வராத இடத்தில் ஒரு கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வந்தால், கருத்துக் கேட்டு அறிவிப்பு போவது அக்கம்பக்க நிலங்களின் உரிமையாளர்களுக்கு. அங்கேயே நாற்பது ஆண்டு குடியிருந்தவருக்கு அல்ல. சட்டத்தின் காதுக்கு உரிமையின் குரல் கேட்கும். குடியிருப்பின் குரல் கேட்பது கடினம். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டவை. மன்ற உறுப்பினர்கள் இன்றும் நியமனம்தான். ஸ்ரீ கெம்பாங்கான் அடங்கிய சுபாங் ஜெயா 2020-இல் மாநகரமானபோதும் அந்த நிலை மாறவில்லை. பட்டாவும் இல்லை, மன்றத்துக்கு வாக்கும் இல்லை என்றால், ஒரு மனிதர் தன் ஊரின் எதிர்காலத்தைப் பற்றி எந்த வாசலில் போய் நிற்பது?

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடை போட வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு வாங்க முடியாமல் வாடகைக்கு அலையும் இளம் குடும்பங்கள் ஏராளம். அவர்களும் ஏழைகள்தாம்; நாளை வரப்போகிறவர்கள் என்பதற்காக அவர்களின் தேவை குறைந்துவிடாது. 2023-இல் முழுமையாக ஓடத் தொடங்கிய எம்ஆர்டி புத்ராஜெயா தடம் செர்டாங் ராயா, செர்டாங் ஜெயா, புத்ரா பல்கலைக்கழகம், தாமான் ஈக்குயின் என்று இந்த வட்டாரத்தின் ஊடே போகிறது. பொதுப்பணத்தில் இரயில் போட்டுவிட்டு நிலையத்தைச் சுற்றிக் காலி நிலமும் கார் நிறுத்துமிடமுமாக வைத்திருப்பதும் அறம் ஆகாது. தவிர, பட்டா உள்ளவர்களின் ஆட்சேபம் எல்லாமே நியாயமானதும் அல்ல. பக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடி வந்தால் தன் வீட்டு விலை இறங்கும் என்பதற்காக எழுகிற எதிர்ப்பும் ‘குடியிருப்பாளர் குரல்’ என்ற பெயரிலேயே வருகிறது. இருப்பவர் பேச்சைக் கேட்பது மட்டுமே நீதி என்றால், ஏற்கெனவே வசதியாக உட்கார்ந்திருப்பவரே எப்போதும் வெல்வார்.

எனவே வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பது பயனற்றது. ஒருவரின் இழப்பில் இன்னொருவரின் தேவையை நிறைவேற்றும்போது, இடையில் நிற்கும் மூன்றாமவர் என்ன எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும். அதைத் தெளிவாகக் காட்டியது கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா வழக்கு. முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களான சுமார் நூறு குடும்பங்கள் அங்கே 1980-களிலிருந்து நீள்வீடுகளில் காத்திருந்தன. நிரந்தர வீடு தருவோம் என்ற வாக்குறுதி அவர்களிடம் இருந்தது. 2017-இல் அனுமதிக்கப்பட்ட திட்டம் அவர்களுக்கென ஒரு மலிவு விலை அடுக்குமாடியை வைத்திருந்தது. அதோடு எட்டு உயரமான சொகுசுக் கோபுரங்களையும், சுமார் 25 ஏக்கர் பூங்காவின் பாதியளவு நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. உடனே விவாதம் எப்படித் திரும்பியது? பூங்காவா, ஏழைத் தமிழர்களின் வீடா என்று. மரத்தைக் காக்க வந்தவர்கள் ஏழைக்கு எதிரிகளாகவும், வீடு கேட்டவர்கள் பசுமைக்கு எதிரிகளாகவும் காட்டப்பட்டார்கள். எட்டுக் கோபுரங்களைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போனது. நீள்வீடுகளுக்கு வேண்டியிருந்ததோ பூங்காவில் ஒரு சிறு மூலை. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று உறுதிசெய்தது. அமைப்புத் திட்டம் மாநகராட்சி நினைத்தபோது புறந்தள்ளக்கூடிய காகிதம் அல்ல என்றும் தெளிவாக்கியது. இரண்டு நியாயமான தேவைகளை ஒன்றோடொன்று மோதவிடுகிற எந்தத் திட்டத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பூச்சோங் பக்கத்து ஆயர் ஈத்தாம் வனம் 1906-இல் ஒதுக்கப்பட்டபோது 4,000 ஹெக்டேருக்கு மேல். சுற்றிலும் நகரம் கடித்ததில் இன்று சுமார் 1,200 ஹெக்டேர் எஞ்சியிருக்கிறது. அந்த எச்சமும் புத்ரா பல்கலைக்கழகத்தின் ஆய்வு வனமாக இருப்பதால்தான் பிழைத்திருக்கிறது. நாளை யாராவது ஏழைகளுக்கு வீடு என்று சொல்லி அதன் ஓரத்தைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது, கட்டி முடிந்தபின் ஏக்கர்கள் யார் பெயரில் இருக்கும் என்பதே.

இனி வரும் திட்ட வரைபடங்களில் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே, அந்த நிலத்தில் இன்று வாழ்பவர்களின் கணக்கு, பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டத்தின் ஒரு பகுதியாக எழுதப்பட வேண்டும். மாற்று வீடு முதலில் கட்டப்பட்டு, அதில் குடியேறிய பிறகே பழைய லயம் இடிக்கப்பட வேண்டும். அந்த வீடும் கூடிய மட்டும் அதே வட்டாரத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளியும் பெரியவர்களின் கோயிலும் மருத்துவமனையும் எட்டும் தொலைவில். இதைக் கருணையாகத் தருவது போதாது. மேம்பாட்டாளர் சாலைக்கும் வடிகாலுக்கும் நிலம் ஒதுக்குவதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லையே!

‘யார் உண்மையில் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி ஏது?’ என்று அதிகாரிகள் கேட்பது வழக்கம். அத்தாட்சி தாராளமாகவே இருக்கிறது. ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியது, செர்டாங் புதுக்கிராமம் எழுவதற்கு ஓராண்டு முன்பு. எந்தத் தோட்டத்தில் யார் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதைச் சம்பளத்தில் பிடித்த ஒவ்வொரு காசும் பதிவு செய்திருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. இடுகாட்டில் தாத்தா பாட்டியின் பெயர் இருக்கிறது. செம்பனை நிற்கும் அடுத்த நிலத்தின் வரைபடத்தை மேசையில் விரிக்கும்போது, அந்தப் பதிவேடுகளையும் பக்கத்தில் எடுத்து வைக்கலாம்.