இடம் மாறிய தோழமை

ஒரு மன்றம் தன் வீட்டை மாற்றுகிறது. பழைய ஓட்டுக் கூரை போய்ப் புதிய மாடி வருகிறது. விதிகள் செம்மைப்படுகின்றன, கருவிகள் மேம்படுகின்றன, கணக்கு வழக்குகள் ஒழுங்காகின்றன. எவரும் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் சில ஆண்டுகள் கழிந்தபின் பழைய உறுப்பினர்கள் கூடும்போது ஒரு பெருமூச்சு எழுகிறது: “எல்லாம் இருக்கிறது, ஆனால் அந்த ஒட்டுதல் இல்லை.” இப்பெருமூச்சு முதுமையின் முணுமுணுப்புதானா? அல்லது மாற்றத்தைக் கொண்டு வந்தவர்கள் காணத் தவறிய ஓர் உண்மை அதில் உண்டா? மேம்பாடு என்ற பெயரால் ஒரு கூட்டத்தின் தோழமையைக் கலைப்பது அறமாகுமா?

இக்கேள்வியை வெறும் கருத்தாக ஆராயாமல், நமக்கு அருகிலுள்ள ஓர் அனுபவத்தில் வைத்துப் பார்ப்போம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடப்போர் கார்த் தொழிற்சாலையையும் அதைச் சுற்றிய ஆலைகளையும் காண்பர். ஆனால், அங்கே ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் 1998இல் உருவாகி வெளிவருவதற்கு முன்னரே கார்கள் ஓடின. விற்பதற்காக அல்ல, விருப்பத்திற்காக. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் ஆர்வலர் சங்கம் 1990இல் அங்கே திறந்த பந்தயத் தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. அச்சங்கமோ 1953இல் தோன்றியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் உள்ளம் குடியிருந்த இடம் வேறு. அதுதான் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம்.

சோழவரத்தில் இருந்தது பந்தயத் தடம் அன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். அது சங்கத்திற்குச் சொந்தமானதும் அன்று. பந்தயம் நடக்கும் நாள்களுக்காகத் தடத்தை அமைக்க வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். அந்நாளில் வெளிநாட்டுக் கார்களையோ உதிரி உறுப்புகளையோ எளிதில் இறக்குமதி செய்ய இயலாது. கையில் இருந்தவை அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்களே. அவற்றின் பாகங்களைப் பிரித்துப் பொருத்தி, தகடு வளைத்து, ஆர்வலர்கள் தாமே பந்தயக் கார்களை உருவாக்கினார்கள். அவற்றை ‘ஸ்பெஷல்’ என்று அழைத்தார்கள். பல்லாயிரம் மக்கள் வெயிலில் நின்று அவ்வண்டிகளைக் கண்டு களித்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் உள்ளே ஓர் அமைதியான கட்டாயம் இருந்தது. பிறர் உதவியின்றி எவரும் அங்கே ஓட முடியாது. ஒருவருக்குத் தெரிந்த பற்றவைப்பு வேலை மற்றவருக்குத் தெரியாது. ஒருவரிடம் கிடைக்கும் பாகம் மற்றவரிடம் கிடைக்காது. தடம் அமைக்கப் பலருடைய கைகள் வேண்டும். தடத்தில் போட்டியாளராய் இருப்பவரே பட்டறையில் துணைவராகவும் இருந்தாக வேண்டும். அவர்கள் தோழமையைத் தேடிப் போகவில்லை. தேவை அவர்களைத் தோழராக்கிற்று.

ஆர்வலரைக் குறிக்க நாம் கையாளும் ‘அமெச்சூர்’ என்னும் சொல் நேசித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. கூலிக்காக அன்றி நேசத்தால் ஒன்றைச் செய்பவர் என்பதே அதன் பொருள். அப்படிப்பட்டவர்கள் சேரும்போது அவர்களிடையே உருவாகும் நட்பு எத்தகையது? பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்பண்பு கருதிய நட்பு என மூன்றாகப் பகுத்தார் அரிஸ்டாட்டில். முதல் இரண்டும் எளிதில் கலையக்கூடியவை என்பது அவர் கருத்து. பயன் தீர்ந்தால் பழக்கமும் தீரும். சோழவரத்துத் தோழமையில் பயனும் இன்பமும் கலந்திருந்தன. அது பண்பின் நட்பாக முதிர்ந்ததா என்பதைக் காட்டவல்ல சோதனை பின்னரே வந்தது.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்தது தவறன்று என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். விமானம் ஓடுவதற்கென அமைந்த தளத்தில், வேலிகளும் காப்புகளும் குறைவாக உள்ள வெளியில், ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடிய வண்டிகளை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். நிலையான தடம் ஒழுங்கைத் தந்தது. பந்தயங்களைப் பலமுறை நடத்தவும், இளைஞர்கள் முறையாகப் பயிலவும் வழி பிறந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1995இல் மறையும் வரை, குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கி இளைஞர்கள் கையில் கொடுத்தார். மாருதி இயந்திரம் பொருத்திய அத்தகைய எளிய கார்களின் பந்தயத்தில், இதே தடத்தில், தன் முதல் ஓட்டத்தைத் தொடங்கியவர் கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன். 2005இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியராக அவர் உயர்ந்தார். சோழவரத்து ஓடுதளம் தந்திருக்க முடியாத கொடை இது.

பாதுகாப்பு என்பதும் ஒருமுறை பெற்று முடிக்கும் பொருளன்று. 2023ஆம் ஆண்டில், ஒரு சிறுவன் உட்பட இருவர் இத்தடத்தில் நடந்த பந்தயங்களில் உயிரிழந்தனர். நிலையான தடமும் விதிகளும் உள்ள இடத்திலேயே இத்துயரம் நேருமாயின், பழைய ஓடுதளத்தை நினைத்து ஏங்குவோர் எதை நினைத்து ஏங்குகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், பழைய நெருக்கம் எல்லாருக்கும் திறந்த நெருக்கமாகவும் இருக்கவில்லை. காரும் ஓய்வும் உடையவர்கள் சிலரே. வெயிலில் நின்ற பல்லாயிரவர் அத்தோழமையைப் பார்த்தார்கள். அதில் பங்கு பெறவில்லை. ஏக்கம் எப்போதும் தன் கணக்கிலிருந்து சிலரை விட்டுவிடும் இயல்புடையது.

அப்படியாயின் இழந்தது எது? விதிகள் முதிர முதிர, கார்கள் ஒரே மாதிரியாயின. இன்றைய பல பந்தய வகைகளில் ஒரே நிறுவனம் செய்த ஒரே வகைக் காரை எல்லாரும் ஓட்டுகிறார்கள். பழுது பார்ப்பதற்குச் சம்பளம் பெறும் குழுவினர் உள்ளனர். ஓட்டுநர் பணம் கட்டி, வந்து, ஓட்டிவிட்டுப் போகலாம். இதில் நீதி உண்டு. செல்வர் வீட்டு வண்டி என்பதனால் வெற்றி கிட்டுவதில்லை, திறமையே வெல்கிறது. ஆனால் அடுத்தவருடைய திருகுசாவியைக் கேட்டு வாங்க வேண்டிய தேவை அங்கே இல்லை. கேட்க வேண்டியதில்லை என்றால் கொடுக்க வேண்டியதும் இல்லை. நண்பர்களிடையே நீதியைத் தனியாக நிலைநாட்ட வேண்டியதில்லை, நீதியுள்ளவர்களுக்கோ நட்பு இன்னும் தேவைப்படுகிறது என்ற பொருளில் அதே அரிஸ்டாட்டில் கூறியிருப்பது இங்கே நினைக்கத்தக்கது. விதி நீதியைத் தரும். நட்பைத் தருவது அதன் வேலையன்று.

ஒரு கூட்டத்தின் தோழமை அதன் இடத்திலோ கருவியிலோ குடியிருப்பதில்லை. அதன் உறுப்பினர் ஒருவருக்கொருவர் தேவைப்படும் அந்தச் சந்திகளில் குடியிருக்கிறது. மாற்றம் வரும்போது சிரமங்கள் நீங்குகின்றன. அச்சிரமங்களோடு சேர்ந்து, எவரும் எண்ணாமலே, அந்தச் சந்திகளும் நீங்கிவிடுகின்றன. சிரமத்தைத் திரும்ப அழைப்பது அறிவீனம். கிணற்றடியில் பெண்கள் பேசிப் பழகினார்கள் என்பதற்காகக் குழாயை அடைத்துவிட எவரும் துணியார். ஆனால் குழாய் வந்த தெருவில், இனி எங்கே சந்திப்பது என்ற கேள்விக்கு வேறு விடை காண வேண்டிய பொறுப்பு இருக்கிறது. முன்பு தேவை தானாகவே செய்ததை இனி நாம் மனமறிந்து செய்ய வேண்டும்.

அது இயலாத காரியமுமன்று. பந்தயத் தடத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் கொடியுடன் நிற்போரைக் கவனியுங்கள். ஆபத்து என்று அறிவிக்க மஞ்சள், விரைந்து வருபவருக்கு வழிவிடு என்று சொல்ல நீலம், எல்லாரும் நிறுத்துக என்று ஆணையிடச் சிவப்பு. உலகெங்கும் இப்பணியைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் தன்னார்வலர்கள் நிற்கிறார்கள். பரிசுக் கோப்பையில் அவர்கள் பெயர் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும், நூறு மைல் வேகத்தில் திருப்பத்தை நெருங்கும் ஓட்டுநர், அப்பால் என்ன இருக்கிறது என்பதைத் தன் கண்ணால் அறிய இயலாமல், முன்பின் அறியாத ஒருவரின் கையிலுள்ள துணியை நம்பி முன்செல்கிறார். அத்திருப்பத்தில் தேவையும் நம்பிக்கையும் சந்திக்கின்றன. கார்கள் மாறின, இடம் மாறிற்று, விதிகள் மாறின. இந்தச் சந்தி மாறவில்லை. அதனால் அங்கே தோழமையும் பிழைத்திருக்கிறது.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் மின்னொளியில் இரவுப் பந்தயம் நடந்தது. இவ்விளையாட்டு அரசின் ஆதரவும் பெருங்கூட்டமும் கொண்டதாக வளர்ந்துவிட்டதன் அடையாளம் அது. வளர்ச்சியை வரவேற்போம். ஆனால் பார்வையாளர் ஆயிரமாகப் பெருகுவதும் உறுப்பினர் ஒருவருக்கொருவர் நெருங்குவதும் வெவ்வேறு கணக்குகள். முதற்கணக்கை நுழைவுச்சீட்டு காட்டிவிடும். இரண்டாவதைக் காட்ட எந்தச் சீட்டும் இல்லை.

இக்கேள்வி பந்தயத்தோடு முடிவதும் இல்லை. அதே தொழில் வட்டாரத்தில், வல்லம் வடகாலில், ஆலைகளில் பணிபுரியும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கத்தக்க விடுதி 2024இல் திறக்கப்பட்டது. பல மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் நெருங்கி வாழ்ந்தோருக்குக் காற்றும் ஒளியும் காவலும் உள்ள இருப்பிடம் கிடைப்பது பெரும் நன்மை. ஆனால் இட நெருக்கடி தீரும்போது மன நெருக்கம் தானாகவே வளரும் என்று எண்ணிவிட முடியாது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தர அடுத்த அறையில் ஒருத்தி இருக்க வேண்டும். அதற்கு அவள் பெயராவது இவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டடம் எழுப்புவோரின் திட்ட வரைபடத்தில் இதற்கும் ஓர் இடம் உண்டா?

ஆகவே எந்த அமைப்பையும் மாற்றப் புகுவோர், அது விளையாட்டுக் கழகமாயினும், வாசகசாலையாயினும், நம் ஊர்ப் பாடகர் குழுவாயினும், செலவையும் வசதியையும் கணக்கிடுவதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்வது கடமையாகும்: இம்மாற்றத்தால் யார் யாருக்குத் தேவைப்படாமல் போகிறார்கள்? அவர்களை மீண்டும் ஒருவருக்கொருவர் தேவையாக்க நாம் வைத்திருக்கும் வழி யாது? பெருமூச்சு விடும் பழைய உறுப்பினருக்கும் ஒரு கடமை உண்டு. சோழவரத்தைப் பற்றிக் கதை சொல்வதோடு நில்லாமல், புதிய தடத்தின் ஏதேனும் ஒரு திருப்பத்தில் அவரும் ஒரு கொடியைக் கையிலெடுத்து நிற்கலாம்.