குளக்கரையில் கயிலாயம்

கயிலாயம் போய் வர வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? முதிர்ந்த வயதில் திருநாவுக்கரசருக்கும் அந்த ஆசை வந்தது. நடந்தார். கால் தேய்ந்ததும் கையை ஊன்றித் தவழ்ந்தார், பிறகு மார்பால் ஊர்ந்தார். 'இந்த உடம்போடு முடியாது, திரும்பிப் போ' என்று முனிவர் வடிவில் வந்த இறைவனே சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கி, தஞ்சாவூருக்கு அருகே திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்கிறது பெரியபுராணம்.

கோயிலுக்குள் போன பிறகுதான் கயிலைக் காட்சி. ஆனால் வழியிலேயே, எதிரில் வந்த ஜீவன்கள் எல்லாம் அவருக்குச் சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. பிடியோடு களிறு, பெட்டையோடு சேவல், குயில், மயில், அன்றில், மான், நாரை, கிளி... அன்று பாடிய பதிகத்தின் 11 பாடல்களில், பாட்டுக்கு ஒரு ஜோடி!

கோழியையும் குயிலையும் நாமும்தான் தினமும் பார்க்கிறோம். நமக்கு ஏன் தெரிவதில்லை? 'அவர் மகான்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாத விடியலில் வேப்ப மரத்திலிருந்து சுருதியை ஏற்றிக்கொண்டே போய்க் கூவுவது ஆண் குயில். கன்னங்கரேல் என்றிருக்கும், கண் மட்டும் சிவப்பு. பெண் குயிலோ பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். குரலும் வேறு, 'கிக் கிக்' என்று. அதை வேறு ஏதோ பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். அது முட்டையிடுவது காக்கைக் கூட்டில். அமாவாசையன்று நாம் சாதம் வைக்கிறோமே, அந்தக் காக்கைதான் குயில் குஞ்சுக்கும் ஊட்டி வளர்க்கிறது!

இன்னொன்று. அப்பரின் பதிகத்தில் ஒரு ஜோடி, பன்றி. மயில் தோகை விரித்தால் எல்லோரும் நின்று பார்ப்போம். பன்றி குறுக்கே வந்தால் முகம் சுளிப்போம். (வராக அவதாரப் படத்துக்கு மட்டும் தவறாமல் பூ வைப்போம்!) அவருக்கு இரண்டும் ஒரே வரிசையில் வருகின்றன. அழகானதை மட்டும் பொறுக்கி வியப்பதைப் பக்தி என்று சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கிறது. அன்று கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஐயாறப்பர் சன்னிதிக்கு வரிசை நீண்டிருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். மதில் மேல் கிளி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.