உடன் வந்த குதிரை

நாடு பெயர்வோர், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று பல நாள் எண்ணிப் பார்ப்பதுண்டு. பண்டபாத்திரங்களை விற்றுவிடலாம், நூல்களை நண்பருக்கு வழங்கிவிடலாம். ஆனால் நம் கையால் உண்டு, நம் குரலுக்குத் தலை நிமிர்ந்து, நம்மை முதுகில் சுமந்த ஓர் உயிரை என்ன செய்வது? இங்கிலாந்தின் தென்பகுதியில் வாழ்ந்த ஒரு குடும்பம் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திற்குக் குடிபெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் ஒரு குதிரை உண்டு. அதைப் பிரிய மனமில்லை. பெரும்பொருள் செலவிட்டு விமானத்தில் ஏற்றி உடன் கொண்டு செல்கிறார்கள். இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்கிறார்கள். விரைவிலேயே பனி வந்துவிடுகிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை, சில நாள்களில் 30 பாகை என்று இறங்குகிறது. எட்மன்டன் நகரில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது ஏறத்தாழ ஏழரை மணி நேரமே. வேலைக்குச் செல்லும்போதும் இருள், திரும்பும்போதும் இருள். குதிரையோ கொட்டிலில் நிற்கிறது. அதை யார் வெளியே நடத்துவது? எப்போது? எவ்வளவு?

இது குதிரை வளர்ப்போர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆயின் சற்று நின்று நோக்கினால் அதனுள் ஓர் அறக்கேள்வி இருப்பது புலப்படும். பெயர்வது என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள். அம்முடிவில் குதிரைக்குப் பங்கில்லை. நாம் தேர்ந்துகொண்ட குளிரை அது தேர்ந்துகொள்ளாமலே சுமக்கிறது. அப்படியானால் அதற்கு நாம் கடன்பட்டிருப்பது எது? நம் உள்ளத்திற்கு இதமாகத் தோன்றுவதைச் செய்தால் கடன் தீருமா? அன்றி, அதன் இயல்புக்கு வேண்டியதை அறிந்து செய்தாக வேண்டுமா?

குளிர் கண்டதும் நம் உள்ளத்தில் முதலில் எழுவது இரக்கம். நாம் நடுங்குகிறோம், ஆகவே குதிரையும் நடுங்கும் என்று எண்ணுகிறோம். கொட்டிலின் கதவுகளை அடைக்கிறோம்; போர்வைமேல் போர்வை போர்த்துகிறோம்; தானியத்தை அள்ளி வைக்கிறோம்; வெளியே கொண்டு செல்வதே கொடுமை என்று முடிவு கட்டுகிறோம். இத்தனையும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆனால் குதிரையின் உடல் நம் உடலன்று. குளிருக்குப் பழகி, அடர்ந்த மயிரும் போதிய தீனியும் பெற்ற குதிரை, நனையாமலும் காற்றில் அடிபடாமலும் இருக்குமாயின், உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 15 பாகை வரை தன் வெப்பத்தைக் காக்கத் தனி முயற்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதன் மயிர் சிலிர்த்து நின்று காற்றைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. முதுகின்மேல் விழுந்த பனி உருகாமல் கிடப்பதைக் கண்டு நாம் பதறுகிறோம். உள்வெப்பம் வெளியேறவில்லை என்பதற்கு அதுவே சான்று.

குதிரை நடந்துகொண்டே மேயும் விலங்கு. பகலிரவின் பெரும்பகுதியை அடியெடுத்து வைப்பதிலும் புல் கடிப்பதிலும் கழிக்குமாறு அதன் உடல் அமைந்திருக்கிறது. குளம்பு தரையில் அழுந்தி எழும் ஒவ்வொரு முறையும் குருதி மேலேறத் துணை கிடைக்கிறது. நாள்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றால் கால்கள் வீங்குகின்றன. குடலின் அசைவும் குன்றுகிறது. நீர் சில்லிட்டிருந்தால் குதிரை குறைவாகவே குடிக்கும். உலர்புல்லும் குறைந்த நீரும் அசைவின்மையும் சேரும்போது குடலில் அடைப்பு உண்டாகிறது. அது உயிரையே பறிக்கக்கூடியது. அடைத்த கொட்டிலின் தூசியும் சிறுநீரின் நெடியும் நுரையீரலைக் கெடுக்கின்றன. துணையின்றி அடைபட்ட குதிரை தொட்டியின் விளிம்பைக் கடித்துக் காற்றை விழுங்கத் தொடங்குகிறது. அல்லது தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நிற்கிறது. வயிற்றுக்கு உணவு கிடைத்தும் இயல்பின் பசி ஆறாத ஓர் உயிரின் முறையீடு அது. நாம் அதற்குக் குளிரைத் தவிர்த்தோம்; வாழ்வையும் சேர்த்தே தவிர்த்துவிட்டோம்.

‘அப்படியானால் வெளியே விட்டுவிட்டால் போதும்; இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்போரும் உண்டு. அதுவும் பிழையே. சைபீரியாவின் யாக்கூத்தியாவில் குதிரைகள் உறைநிலைக்குக் கீழே 50 பாகையிலும் வெட்டவெளியில் வாழ்ந்து, பனியைக் குளம்பால் கிளறிப் புல் தேடுகின்றன. ஆனால் அவை பல நூற்றாண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் அம்மண்ணுக்கேற்ப மாறியவை. நேற்று வந்திறங்கிய குதிரைக்கு அந்த நூற்றாண்டுகள் இல்லை. மிதமான தட்பவெப்பத்தில் வாழ்ந்த குதிரை 5 பாகைக்குக் கீழேயே தன் வெப்பத்தைக் காக்கப் பாடுபடத் தொடங்கலாம். குளிர்கால மயிர் வளர்வதை முதன்மையாகத் தூண்டுவது குளிர் அன்று. பகலின் நீளம் குறைவதே. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து இலையுதிர் காலத்தில் வடக்கே கொண்டுவரப்பட்ட குதிரையின் உடலோ, பனி பொழியவிருக்கும் வேளையில் கோடைக்கென ஆயத்தமாகி நிற்கும். அதற்குப் போர்வை ஆடம்பரமன்று, தேவை. முதுமையும் நோயும் உற்றவற்றிற்கும் அவ்வாறே. ஆகவே ‘குதிரைக்குக் குளிராது’ என்பதும் விதியன்று. ‘குதிரைக்குக் குளிரும்’ என்பதும் விதியன்று. இந்தக் குதிரை, இந்த ஆண்டில், இந்த இடத்தில் எந்நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் கண்ணே வேண்டும்.

இயக்கமும் அத்தகைய கண்ணோடு தரப்பட வேண்டியதே. கடிவாளத்தின் இரும்பை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகே குதிரையின் வாயில் இட வேண்டும். நெடுநேரம் மெல்ல நடத்தித் தசைகள் இளகிய பின்னரே ஓட்டம். கடுங்குளிரில் விரைந்தோட்டம் ஆகாது. அக்காற்று மூச்சுக்குழாய்களைப் புண்படுத்தும். லாடம் அடித்த குளம்பின் அடியில் பனி திரண்டு கட்டியாகும்; அதைக் குத்தி எடுக்க வேண்டும். தரை வழுக்கும் நாளில் மணல் பரப்பிய சிறு வட்டத்தில் கையில் பிடித்து நடத்துவதே போதும். வியர்வையில் மயிர் நனைந்தால் அதன் காப்பு போய்விடும். சவாரி முடிந்ததும் நமக்கு வீட்டின் கணப்பு நினைவுக்கு வருகிறது. குதிரை உலரும்வரை நம் பணி முடியவில்லை. சுவிட்சர்லாந்து 2008-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் இக்கடமையைச் சட்டமாகவே எழுதிவைத்தது: குதிரைக்கு நாள்தோறும் போதிய இயக்கம், சவாரிக்கோ வேலைக்கோ பயன்படாத குதிரைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமேனும் கட்டின்றி நடமாட்டம், பார்க்கவும் கேட்கவும் முகரவும் இன்னொரு குதிரையின் அண்மை. சட்டம் கேட்பது குறைந்த அளவையே. அன்பு அதற்கும் கீழே நிற்கலாமா?

அறிவில்லா அன்பு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டு வரலாறும் சான்று பகர்கிறது. அங்கே திசை மட்டும் வேறு. 13-ஆம் நூற்றாண்டில் அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலேறி வந்தன. மன்னர் வாங்கிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளில் ஆண்டின் இறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையே காரணம் என்றும் மார்கோ போலோ எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் கலந்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையில் கட்டி வைத்தார்களாம். பிறகு பழக்காமலே ஏறி வெறிகொண்டு ஓட்டினார்களாம். வலிய குதிரைகள் சில காலத்திலேயே வலுவிழந்து போயின. வெண்ணெயும் பாலும் வெறுப்பின் அடையாளங்கள் அல்லவே! நமக்கு உயர்ந்ததாய்த் தோன்றிய உணவை நாம் அளித்தோம். அதற்கு உரியதை அறிய முயலவில்லை.

விலங்குகள்பால் மனிதருக்குக் கடமை உண்டா என்பது பழைய வாதம். விலங்குக்குக் கொடுமை செய்பவன் நாளடைவில் மனிதருக்கும் கொடுமை செய்யப் பழகுவான், ஆகவே அது தகாது என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். உண்மையாய் உழைத்து மூத்த நாயைப் பயனற்றதெனச் சுட்டுக் கொல்பவன் நாய்க்கு அநீதி இழைக்கவில்லை, தன்னுள் உள்ள மனிதத்தையே ஊறுபடுத்துகிறான் என்று இம்மானுவேல் காண்ட் கற்பித்தார். இருவர் வாதமும் சுற்றிச் சுற்றி மனிதரிடமே வந்து நிற்கிறது. அதில் உண்மை உண்டு, முழுமை இல்லை. அதிகாலை இருளில் ஒருவர் எழுந்து உறைந்த நீர்த்தொட்டியை உடைத்துச் சுடுநீர் ஊற்றுகிறார் என்றால், தம் குணத்தை வளர்த்துக்கொள்ளும் பயிற்சியாகவா அதைச் செய்கிறார்? குதிரைக்குத் தாகம், அதனாலேயே செய்கிறார். தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதபடி ஓர் உயிரை நாம் வேலிக்குள் வைத்திருக்கும்போது, அத்தேவை நம் பெயரில் எழுதப்பட்ட கடனாகிவிடுகிறது. கடன், கொடுப்பவரின் மனநிறைவைக் கொண்டு அளக்கப்படுவதில்லை.

‘மனிதர் பசித்திருக்க, குதிரைக்கு இத்தனை பாடா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளுக்குக் கனிவு காட்டுவது மனிதரின் கடன் என்று கூறி, தேவையின்றி அவற்றை வருத்துவது மனித மாண்புக்கு முரணானது என்கிறது. மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பொருளை அவற்றிற்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டால், கேள்வி எழ வேண்டிய நேரம் எதுவென்று தெளிவாகும். அது குதிரையை விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பு எழ வேண்டிய கேள்வி. ஏற்றி வந்த பிறகு, ஏழையின் பசியைக் காட்டிக் கொட்டிலில் நிற்கும் குதிரையின் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆகவே புறப்படும் முன்னரே நம்மை நாம் வினவ வேண்டும். ஐஸ்லாந்து நாட்டை விட்டு ஒருமுறை வெளியேறிய குதிரை மீண்டும் அந்நாட்டுக்குள் நுழையச் சட்டம் இடம் தருவதில்லை. அங்குள்ள குதிரைகளை நோயினின்று காக்கவே அந்த விதி. வெளியேறிய குதிரைகள் பல, தாய்மண்ணில் அறியாத சிறு பூச்சிகளின் கடியால் கோடைதோறும் தோல் அரிப்பில் வாடுகின்றன. உரிமையாளர் விரும்பினால் திரும்பலாம். குதிரை திரும்ப முடியாது. ‘இதைப் பிரிய என்னால் முடியாது’ என்று நாம் சொல்லும்போது, அச்சொல்லில் இருப்பது குதிரையின் நலமா, நம் தனிமையின் அச்சமா? நன்கு பேணும் ஒருவரிடம் அதை அதன் மண்ணிலேயே விட்டுவருவதும் அன்பாகலாம். உடன் கொண்டு செல்வதும் அன்பாகலாம். ஆனால் அவ்வன்பு ஒவ்வொரு குளிர்காலத்தின் ஒவ்வொரு நாளும் விலை கேட்கும்.

மனிதரை விலங்கோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். மனிதரின் மாண்பு தனி. ஆயினும் பிழையின் வடிவம் ஒன்றாகவே இருக்கிறது. டொராண்டோ போன்ற நகரங்களில் குடியேறிய நம் மக்களுள் பலர், முதிய பெற்றோரை ஊரிலிருந்து அன்போடு வரவழைத்துக்கொள்கிறார்கள். சூடான அறை உண்டு; வேளைக்கு உணவு உண்டு; கம்பளி உண்டு. பிள்ளைகள் விடியுமுன் வேலைக்குச் சென்றபின், சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி, நடக்க ஒரு தெருவும் பேச ஒரு முகமும் இன்றி அவர்கள் அமர்ந்திருப்பதும் உண்டு. ‘என்ன குறை வைத்தோம்?’ என்று பிள்ளைகள் உண்மையாகவே கேட்கிறார்கள். குறை உணவில் இல்லை. கையைப் பிடித்து அரைமணி நேரம் வெளியே அழைத்துச் செல்ல ஒருவர் இல்லாமையே குறை.

ஓய்வுநாளைக் குறித்து எழுந்த வாதத்தில் நம் ஆண்டவர், அந்நாளிலும் மாட்டையும் கழுதையையும் தொட்டியிலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோகும் மக்களின் வழக்கத்தையே சான்றாக எடுத்துக் காட்டினார். அத்தனை கண்டிப்பான ஓய்வும் அந்தச் சிறு வேலைக்கு வழிவிட்டது. கட்டியவரே அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தவரே உடன் நடக்க வேண்டும். நம் பொறுப்பில் யார் யார் கட்டுண்டு காத்திருக்கிறார்கள் என்று இக்குளிர்காலத்தில் நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். எண்ணியபின், இருள் விலகும்வரை காத்திராமல் எழுந்து செல்வோம்.