ஈர விறகின் புகை

எங்கள் கொல்லையில் ஆறு தென்னை. மட்டை, பாளை, பன்னாடை என்று வாரத்துக்கு ஒரு குவியல் விழும். வேப்பஞ்சருகு உரக்குழிக்குப் போய்விடும்; பாளையும் மட்டையும் அதில் லேசில் மக்காது. ஆகவே ஞாயிறு மாலைகளில் கொளுத்துவேன். முப்பது வருஷப் பழக்கம். போன தை மாதம் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். "ராத்திரியெல்லாம் இழுப்பு, தம்பி. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்றார். புகையைப் போட்டவன் நான். தயங்கிப் பேசியது அவர்.

அன்றிரவு கீதையின் 18ஆம் அத்தியாயம்தான் எனக்குச் சமாதானமாக வந்தது. நெருப்பைப் புகை சூழ்வதுபோல எல்லாத் தொழிலையும் குற்றம் சூழ்ந்திருக்கிறது, அதற்காக உன் கருமத்தை விடாதே என்கிறான் கண்ணன். ஆனால் அது போர்க்களத்தில் கை நடுங்கி நின்றவனுக்குச் சொன்னது. செய்கிறவன் தன் குற்றத்தைத் தானே சுமப்பதற்கான தைரியம் அது. என் புகை போய்ச் சேர்ந்ததோ இன்னொருவர் நெஞ்சில்.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த நாளில், அளவையைப் பற்றிப் பேச மணிமேகலையை எடுப்பேன். மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதை அறவண அடிகள் அங்கே விளக்குகிறார். புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சரி. நெருப்பு இருந்தால் புகை இருந்தே தீருமா? இல்லை என்கிறது அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம். சிவஞான முனிவர் தமிழில் தந்த நூல் அது. பழுக்கக் காய்ந்த இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் கூட வேண்டும். அதை உபாதி என்பார்கள். வருஷக்கணக்கில் இதைப் பாடமாக நடத்தியவன், என் கொல்லையில் அதை நினைக்கவில்லை.

புகையில்லாமல் எரிக்கும் டிரம் ஒன்று செய்துகொள்ள மறுவாரம் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று, அதற்குள் அடங்குகிற சின்ன டிரம் ஒன்று. துத்தநாகம் பூசிய டிரம் ஆகாது. சூட்டில் அதன் ஆவி கெடுதல். வெளி டிரம்மின் அடியில் சுற்றிலும் துளை. உள் டிரம்முக்கு அடித்தட்டிலும் துளை, வாயை ஒட்டி ஒரு வரிசைத் துளையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேலே தகடு வைத்து அடைத்தாயிற்று. கீழே நுழைகிற காற்று அந்த இடைவெளியில் ஏறிச் சூடாகி, மேல்துளை வழியாக உள்ளே பாயும். புகை என்பது எரியாமல் தப்பிப்போகிற விறகுதான். சூடான காற்று பட்டதும் அதுவும் பற்றிக்கொள்கிறது. மேல்துளைக்கு மேலே மட்டையை அடுக்கக் கூடாது. தீயையும் மேலிருந்துதான் வைக்க வேண்டும்.

முதல் தடவை பெயிண்ட் கருகும் நாற்றம் தாங்கவில்லை. இரண்டாம் தடவை, மேல்துளை ஒவ்வொன்றிலும் ஒரு தீநாக்கு உள்நோக்கி வளைந்து நின்றது. வாய்க்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. அவசரப்பட்டு ஒரு பச்சை மட்டையைச் செருகினேன். பழையபடி வெள்ளைப் புகை. சூடெல்லாம் தண்ணீரைக் காய்ச்சவே செலவாகிவிடுகிறது. இப்போது மட்டைகளைக் கொட்டகையில் அடுக்கி, மூன்று வாரம் காயவிட்டுத்தான் எடுக்கிறேன். பிளாஸ்டிக் எதுவும் டிரம்மில் விழ விடுவதில்லை.

இது என் கொல்லையோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2018இல் போகிப் புகையில் சென்னையின் விமானப் போக்குவரத்தே தடுமாறியது. பழையன கழிதல் என்று நாம் கொளுத்துகிற டயரும் ரப்பரும் எந்தச் சாமிக்கும் படையல் இல்லை. தொழிலோடு உடன்பிறந்த குற்றம் என்று ஒன்றைச் சொல்லிக்கொள்ளும் உரிமை, விறகைக் காயவைத்த பிறகுதான் வருகிறது என்பது என் கட்சி.

அப்படியும் மிச்சம் உண்டு. டிரம் சூடேறும்வரை, முதல் ஐந்து நிமிஷம் புகை வரத்தான் செய்கிறது. அந்த ஐந்து நிமிஷம் கண்ணன் சொன்ன கணக்கில் வரும் என்று நினைக்கிறேன். அதற்கும் வேலியோரம் போய், "அக்கா, பத்த வைக்கலாமா?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிறு, "செத்த பொறுங்க தம்பி, துணி காயுது" என்றார். தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.