ஆமைக்கு வேண்டிய வெயிலும் ஈரமும்: ஜீவகாருண்யம் பற்றிய ஒரு கேள்வி

ஆமையால் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. தின்றது செரிப்பதும் நோயை எதிர்ப்பதும் சுற்றியுள்ள வெப்பத்தைப் பொறுத்தவை. பல இனங்களில் முட்டைக்குள் வளரும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. ஆமைக்கு உள்ள வழி இடம் மாறுவது ஒன்றே. குளிர்ந்தால் வெயிலுக்கு வரும். சுட்டால் நிழலுக்கோ மண்ணுக்குள்ளோ போகும். அதைத் தொட்டியில் இட்டு வளர்ப்பவர் அந்த வழியை அடைத்துவிடுகிறார். அடைத்த பிறகு அதன் வெயிலுக்கும் ஈரத்துக்கும் யார் பொறுப்பு? அன்பு மட்டும் அந்தப் பொறுப்பை நிறைவேற்றிவிடுமா? ஜீவகாருண்யத்தை நம்பும் எவரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

அடைபடாத ஆமை எப்படி வாழ்கிறது என்பதைத் தஞ்சாவூர் டெல்டாவிலேயே காணலாம். இங்கே வாய்க்காலிலும் குளத்திலும் நடவு வயலிலும் வாழ்வது பாலாமை. ஓட்டின் அடியில் பின்னங்கால்களை மூடிக்கொள்ளச் சதை மடல்கள் அதற்கு உண்டு. கோடையில் நீர் வற்றினால் அது சேற்றுக்குள் புதைந்துகொள்கிறது. மேலே வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தாலும், அடியில் ஈரமும் மிதமான சூடும் தங்கியிருக்கின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்தத் தண்ணீரோ மழையோ வந்து சேறு இளகியதும் ஆமை மேலே வருகிறது. எவ்வளவு ஈரம், எவ்வளவு ஆழம், எப்போது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது.

வீட்டில் இந்த முடிவுகள் மனிதர் கைக்கு மாறுகின்றன. அப்படி வீட்டில் வைக்கப்படும் நட்சத்திர ஆமை, டெல்டாவின் சேற்று நிலத்துக்கு உரியது அல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வறண்ட முட்புதர்க் காடுகளில் வாழ்வது. அத்தகைய வெப்பநாட்டு நில ஆமைக்கு வெயில் காய ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் உள்ள ஒரு மூலை வேண்டும். ஒதுங்குவதற்கு 25 டிகிரியை ஒட்டிய இன்னொரு மூலையும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. மார்கழி இரவில் சிமெண்டுத் தரை சில்லிட்டுப் போகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஆமைக்கு நுரையீரல் நோய் வருகிறது. ஆமையால் மனிதரைப் போல இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. வறட்சி மிகுந்தாலும் தீங்குதான். ஆப்பிரிக்க ஸல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓடு மேடும் பள்ளமுமாகக் கூம்பி வளர்வதற்குப் புரத உணவைவிடக் காற்றின் வறட்சியே பெரிய காரணமாகத் தெரிந்தது. சித்திரை வெயிலில் நிழலின்றி விட்ட தொட்டியோ சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும்.

கொள்ளிடத்துக்கு வடக்கே வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், வாடும் பயிரைக் கண்டு தாமும் வாடியவர். பயிரின் வாட்டம் கண்ணுக்குத் தெரியும். இலை சுருண்டு நிறம் மங்கும். ஆமையின் வாட்டம் அப்படித் தெரிவதில்லை. அது கத்தாது, துடிக்காது. நோய் முற்றிய பிறகே கண் வீங்கி, மூக்கில் நீர் ஒழுகும். ஆகவே வாடக் கண்டு இரங்கும் கருணை ஆமையிடம் காலம் கடந்தே போய்ச் சேருகிறது. பிற உயிரின் நோயைத் தன் நோயாகக் கருதுவதே அறிவின் பயன் என்பது குறளின் நிலை. மனிதத் தோலுக்கு இதமானது ஆமைக்கு இதமாக இருக்கும் என்று கொள்வது அந்த அறிவாகாது. வெப்பமானியும் ஈரப்பதமானியும் பார்ப்பது இங்கே கருணையின் ஒரு பகுதி.

கீதையின் இரண்டாம் அத்தியாயமும் குறளின் அடக்கமுடைமை அதிகாரமும் புலனடக்கத்துக்கு ஆமையை உவமை காட்டுகின்றன. உறுப்புகளை நீட்ட முடிந்தும், தானே விரும்பி உள்ளிழுத்துக்கொள்வதே அங்கே போற்றப்படுகிறது. குளிரில் விறைத்து நாள் முழுதும் ஓட்டுக்குள் கிடக்கும் வளர்ப்பு ஆமையைச் சாது என்று பாராட்டுவோர் உண்டு. அது அடக்கம் அல்ல, இயலாமை. பிறர் சுமத்திய ஒடுக்கத்தில் அறம் இல்லை.

வெளியே விட்டால் நாயோ வண்டியோ கொன்றுவிடும், வீட்டில் பத்திரமாக இருக்கிறதே என்பது வளர்ப்பவர் சொல்லும் நியாயம். ஆந்திரத்தின் ஸ்ரீகூர்மம் கோயிலில் பக்தியோடு நட்சத்திர ஆமைகளைப் பேணுவதையும் அவர்கள் சுட்டலாம். ஆபத்திலிருந்து காப்பது நல்லதே. ஆனால் ஆமையின் வாழ்வு வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே அது எடுக்கும் முடிவுகளால் ஆனது. அந்த முடிவுகளைப் பறித்துவிட்டு உயிரை மட்டும் காப்பது பாதி அறமே. பக்தியோடு வைத்தாலும் பாசத்தோடு வைத்தாலும் அளவுகோல் ஒன்றுதான்.

இதிலிருந்து கடமைகள் தெளிவாகின்றன. பாலாமையும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதும் வாங்குவதும் வீட்டில் வைப்பதும் குற்றம். தூர்வாரும்போது பாலாமை மண்வெட்டியில் தட்டுப்பட்டால் அருகிலுள்ள ஈரச் சேற்றிலேயே விட்டுவிட வேண்டும். கடையில் வாங்கிய, காதோரம் சிவப்புக் கோடுள்ள அமெரிக்க நீராமை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதற்கு நீந்தத் தண்ணீரும் ஏறிக் காய ஒரு மேடும், ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் தர வேண்டும். சலித்துப்போய் அதை வாய்க்காலில் விடுவது நாட்டு ஆமைகளுக்குச் செய்யும் தீங்கு. வெப்பமும் ஈரமும் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தர முடியாதவர் ஆமை வளர்க்காமல் இருப்பதே ஜீவகாருண்யம்.