செவியின் சாட்சி: ரொக் இசை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ரொக் இசை பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு வசைகளில் முடிந்துவிடுகிறது. அதனை வெறுப்போர் 'இரைச்சல்' என்பர். விரும்புவோர், அதைத் தாங்க இயலாதவரைப் 'பழைமைவாதிகள்' என்பர். இவ்விரு சாராருக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் அவ்விசையை விரும்புகிறார். ஆயினும் அது அவர் செவியை வருத்துகிறது. ஒற்றைத் தலைவலியால் துன்புறுவோர், சாதாரண ஒலியும் வலியாக மாறும் மிகைச் செவியுணர்வு உடையோர், ஓட்டிசம் உடையோருட் பலர் இவ்வகையினர். புலன்களின் மிகையான அல்லது குறைவான எதிர்வினை ஓட்டிசத்தின் இயல்புகளுள் ஒன்றென அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கைந்நூல் தன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. இத்தகைய ஒருவர் ஒரு பாடலைக் கேட்டு 'இது மிகக் கடுமையானது' என்று கூறும்போது, அக்கூற்று பாடலைப் பற்றியதா, அன்றி அவரைப் பற்றியது மட்டுமா?

டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவை பற்றிய கட்டுரையில் 'டொன் கிஹோட்டே'யிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். வைன் பீப்பாயொன்றைச் சுவைத்த இருவருள் ஒருவர் அதில் தோலின் சுவை சிறிது உண்டென்றார்; மற்றவர் இரும்பின் சுவை உண்டென்றார். சுற்றி நின்றோர் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது, தோல்வார் கட்டிய பழைய சாவியொன்று அதன் அடியிற் கிடந்தது. பெரும்பான்மையோர் உணராத காரணத்தால் ஒன்று இல்லாததாகிவிடாது என்பது ஹியூமின் கருத்து. இதனை இவ்வினாவுக்கு அப்படியே பொருத்துவதில் ஒரு தடை உண்டு. நுண்சுவை ஓர் ஆற்றல். வலியை அவ்வாறு கூற முடியாது. வெளிச்சத்திற் கண் கூசுபவர் அக்காரணம் பற்றி ஓவியத்தின் சிறந்த நடுவராகிவிடுவதில்லை. எனினும், வருந்தும் செவி சாட்சி சொல்லவே தகுதியற்றது என்றும் தள்ளிவிடல் ஆகாது. பீப்பாயின் அடியிற் சாவி உண்டா என்பதே தேடப்படவேண்டியது.

பலர் அச்சாவியை டெசிபெல் எண்ணில் தேடுகின்றனர். 'த ஹூ' குழு 1976 மே 31இல் இலண்டன் சார்ல்ற்றன் காற்பந்து மைதானத்தில் நடத்திய நிகழ்ச்சி 126 டெசிபெல்லை எட்டியதெனக் கின்னஸ் நூல் பதிவுசெய்தது. செவிக்கேட்டை ஊக்குவிக்கலாகாதெனக் கருதி அந்நூல் பின்னர் அவ்வகைச் சாதனையையே கைவிட்டது. எண் பயனற்றதன்று. டெசிபெல் மடக்கை அளவை. பத்து கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். 85 டெசிபெல்லுக்கு நாளொன்றில் 8 மணிநேரம் அனுமதிக்கும் தொழிற்சுகாதாரப் பரிந்துரை, 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடங்களையே அனுமதிக்கிறது. உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மனிதரில் மீள வளர்வதில்லையாதலால் இவ்வரம்பு யாவர்க்கும் பொது. ஆயின் அது காப்பது கலங்களை. வலியைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. ஒரே அளவு காட்டும் இரு பாடல்களில் ஒன்று இன்பமாகவும் மற்றது தாங்கொணாததாகவும் இருப்பது ஏன்?

'கிங்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் 1964ஆம் ஆண்டில் வெளிவந்த பாடலொன்றுக்காகத் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறினார். அதிலிருந்து எழுந்த கரகரத்த கிற்றார் ஓசை பின்வந்தோர்க்கு ஒரு வழக்காயிற்று. இவ்வாறு சிதைக்கப்பட்ட ஓசையில் மேற்சுரங்கள் பெருகுகின்றன. அவற்றுட் பல, மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரையான பரப்பில் விழுகின்றன. செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே உரப்புடன் உணர்வதில்லை என்பதைப் பிளெச்சரும் மன்சனும் 1933இலேயே காட்டியிருந்தனர். ஆகவே கருவி ஒரே எண்ணைக் காட்டச் செவி இரு வேறு கடுமைகளை உணர்வது பிரமையன்று.

திடீர்த்தன்மை இன்னொரு சாவி. 'பிங்க் புளொயிட்' குழுவின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டில் காலத்தைப் பொருளாகக் கொண்ட பாடல், மெல்லிய 'டிக்டிக்' ஒலியை அடுத்துப் பல கடிகாரங்கள் ஒருங்கே அலறுவதுடன் தொடங்குகிறது. உரத்த ஒலி வரும்போது நடுச்செவியின் சிறு தசை சுருங்கி ஓரளவு காப்பளிக்கும். ஆயின் அதற்குச் செக்கனின் சிறு கூறாவது வேண்டும். திடீரொலி அதற்குமுன் உள்ளே சென்றுவிடுகிறது. நிதானமான இசையென்று பலர் பரிந்துரைக்கும் தட்டு இது என்பது கவனிக்கத்தக்கது. மாறாக, முதல் முதல் இறுதிவரை ஒரே மட்டத்தில் முழங்கும் ஹெவி மெற்றல் பாடல் சிலருக்குத் தாங்கத்தக்கதாக இருக்கலாம். அடுத்து வருவது யாதென அவர்கள் அறிவர். இசையின் வகைப்பெயரை வைத்து 'மென்மை', 'கடுமை' என முத்திரை குத்தும் விமர்சகர் கேட்போருக்கு அதிகம் உதவுவதில்லை. எங்கே, எது, எவ்வளவு சடுதியாக வருகிறது என்று கூறுவதே உதவும். கதையின் முடிவைச் சொல்லிவிடுவது போன்றது இது எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

முன்னறிவுக்கும் வலிக்கும் உள்ள இத்தொடர்பு, விருப்பத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்புக்கு இட்டுச்செல்கிறது. 1989 டிசெம்பரில் பனாமா நகரின் வத்திக்கான் தூதரகத்தில் மனுவேல் நொரியேகா தஞ்சம் புகுந்தபோது, ஐக்கிய அமெரிக்கப் படையினர் வெளியே ஒலிபெருக்கிகளை நிறுத்தி ரொக் பாடல்களை முழக்கினர். அமெரிக்க இளைஞர்கள் பணங்கொடுத்து வாங்கிக் கேட்ட பாடல்களே அவை. நிறுத்தும் விசை யார் கையில் இருந்தது என்பதில் மட்டுமே வேறுபாடு. இமானுவேல் கான்ற் 1790இல், இசை வேண்டாதவரையும் சென்று தீண்டுகிறது, நறுமணக் கைக்குட்டையை உருவுபவன் சூழ உள்ளோர் அனைவர்மீதும் அம்மணத்தைத் திணிப்பது போல எனக் குறைகூறினார். இசையைக் கலைகளுட் கீழாக வைத்த அவரின் தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. இக்குறை மட்டும் நியாயமானது.

உரப்பு எங்கள் கலையின் பொருளே என்று ரொக் கலைஞர் கூறுவதையும் மறுப்பதற்கில்லை. மார்புக்கூட்டில் அதிரும் தாழ்சுரம் தாழ்ந்த ஒலியிற் கிட்டாது. உரப்பைக் கைவிடும்படி கேட்பது, ஓவியனிடம் சிவப்பைக் கைவிடும்படி கேட்பதற்கு ஒப்பாகும். கலைஞரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியவை முன்னறிவிப்பும் விலகிச்செல்லும் வழியுமே. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நியமம், 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லை மிஞ்சலாகாதென்பதோடு, செவிக்காப்புகளும் அமைதியான ஓரிடமும் வேண்டுமென்கிறது.

'மை பிளடி வலன்ரைன்' குழுவின் 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில், வந்தோருக்குச் செவியடைப்பான்கள் வழங்கப்பட்டன. அவற்றை அணிந்தவர் கேட்டதும் அதே படைப்புத்தானா? அவர் உயர்சுரங்களிற் சிலவற்றை இழந்தார். தரைவழியே உடலில் ஏறிய அதிர்வை இழக்கவில்லை. அணியாதவர் முழுவதையும் கேட்டார், செவியில் தொடர்ந்து ஒலிக்கும் இரைச்சலொன்றையும் வீட்டுக்குக் கொண்டுசென்றிருக்கக்கூடும். இவ்விருவருள் எவர் இசையை நன்கு கேட்டவர் என்பதை எந்த மானியாலும் அளக்க இயலாது.